செயின்சா: ஆக்சிலரேட்டரை விட்டாலும் செயின் நிற்கவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. விழுந்த மரங்களை அறுக்கப் பழைய பெட்ரோல் செயின்சா ஒன்று வாங்கியிருக்கிறோம். தம்பிதான் ஓட்டப்போகிறான், அதனால் கேட்கிறேன்.

ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் செயின் மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கிறது. ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை மாற்றும் ஐடில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திப் பார்த்தோம். செயின் நிற்பதற்குள் இன்ஜின் அணைந்துவிடுகிறது. கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்குமோ? யாராவது மாற்றியிருக்கிறீர்களா? இது சரியாகும்வரை தொடக்கூடாது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அப்புறம் கிக்பேக். என் பெரிய பயமே இதுதான். பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு, அதன் நுனியின் மேல்பாதி கட்டையில் பட்டால் போதும், கண்ணிமைக்கும் நேரத்தில் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். முன் கைப்பிடியைக் கட்டைவிரல் சுற்றிப் பிடிப்பது, தோளுக்கு மேல் தூக்கி அறுக்காமல் இருப்பது, செயின் பிரேக் போட்டுத் தரையில் வைத்து ஸ்டார்ட் செய்வது எல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த பிரேக் உண்மையிலேயே பிடிக்கிறதா என்று வேலைக்கு முன் எப்படிச் சோதிக்கிறீர்கள்?

ஹெல்மெட், முகத்திரை, காதுமூடி இருக்கின்றன. காலுக்குத்தான் ஒன்றும் இல்லை. செயின் பட்டால் இழைகள் சிக்கி அதை நிறுத்தும் பேன்ட்டே வாங்க வேண்டுமா, முன்பக்கம் மட்டும் மூடும் சாப்ஸ் போதுமா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.