நெட்மீட்டரிங்கை எடுத்துவிட வேண்டாம் என்று ஆணையத்துக்கு எழுத வேண்டும், எப்படி எழுதுவது?

மாலதி, திண்டுக்கல்

வணக்கம். வீட்டில் சோலார் வைத்திருப்பவர்களும் மின்வாரிய நடைமுறை தெரிந்தவர்களும் வழி சொல்லுங்கள். நாம் லைனுக்குக் கொடுக்கும் யூனிட்டை, எடுத்த யூனிட்டில் கழித்து மீதிக்கு மட்டும் பில் போடுவதுதான் நெட்மீட்டரிங். அதைத் தொடரச் சொல்லித் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுத நினைக்கிறேன்.

2024 ஆகஸ்டில் எங்கள் மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். செலவு இரண்டு லட்சத்தை ஒட்டி வந்தது. பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் பிறகுதான் கணக்கில் ஏறியது. முன்பணம் கட்ட என் ஐந்து பவுன் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தேன், இன்னும் மீட்கவில்லை. மாதாமாதம் கரண்ட் பில்லில் மிச்சமாகும் பணத்தில்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கிறேன். அதனால்தான் இந்தப் பயம்.

வீட்டில் ஆறு பேர். படுக்கையில் இருக்கும் மாமியாருக்கு ஒரு ஏசி, மாடி அறையில் இன்னொன்று. கோடையில் இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் வரை ஓடும். சோலார் இல்லாவிட்டால் இன்றைய கட்டணத்தில் அதற்குக் கிட்டத்தட்ட ஆறாயிரம் ரூபாய்.

மகளின் பழைய நோட்டு ஒன்றில் தினமும் காலையில் மீட்டரைப் பார்த்து, எடுத்த யூனிட், கொடுத்த யூனிட் இரண்டையும் எழுதி வைக்கிறேன். போன கோடைக் கணக்கு இது. பேனல் தந்தது 720. அதில் பகலில் நாங்களே செலவழித்தது 250, வெளியே போனது 470. வெயில் இல்லாத நேரத்தில் லைனில் இருந்து எடுத்தது 650. கொடுத்ததைக் கழித்தால் 180 யூனிட்டுக்குத்தான் பில். அதிலும் முதல் 100 இலவசம்.

இதே கணக்கை 2019 உத்தரவின்படி போட்டுப் பார்த்தேன். அந்த ஆண்டு ஆணையம் நெட்மீட்டரிங்கை நிறுத்தி, நாம் கொடுக்கும் யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் சொச்சம் என்று வைத்தது நினைவிருக்கும். அப்படியானால் எனக்கு 650 யூனிட்டுக்கும் முழுப் பில். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டதால் ஸ்லாப் (கட்டணப் படி) மாறி 3,400 ரூபாயைத் தொடும். கொடுத்த 470 யூனிட்டுக்கு ஆயிரம் ரூபாய் கழித்தாலும் 2,400 கட்ட வேண்டும். அதே பேனல், அதே வெயில், அதே வீடு!

2021 அக்டோபரில் வீடுகளுக்கு நெட்மீட்டரிங் திரும்பி வந்தது. அதை நம்பித்தான் நாங்கள் இறங்கினோம். ஆனால் 2025இல் கேரளத்தில் நெட்மீட்டரிங்கை 3 கிலோவாட்டுக்குள் சுருக்கலாம் என்று வரைவு விதி வந்ததைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நம் ஊரிலும் அப்படி ஒரு பேச்சு வருவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். என்னைப் போன்ற ஒருத்தி எழுதினால் எடுத்துக்கொள்வார்களா? தமிழில் எழுதலாமா? என்ன கேட்க வேண்டும்?

ராஜேந்திரன், ஓய்வு பெற்ற பொறியாளர்

தாராளமாக எழுதலாம் அம்மா, தமிழிலேயே எழுதுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டங்களில் விவசாயிகளும் சிறு தொழில் செய்பவர்களும் தமிழில்தான் பேசுகிறார்கள். கட்டண உத்தரவு போடுவதற்கு முன் பொதுமக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபணைகளையும் பரிசீலிக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64ஆவது பிரிவு. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை ஊக்குவிப்பது ஆணையத்தின் கடமை என்று 86(1)(இ) சொல்கிறது. இந்த இரண்டையும் முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள்.

அப்புறம் அந்த நோட்டு. உங்கள் மனுவே அதுதான். இரண்டு மாதப் பக்கங்களை நகல் எடுத்து இணையுங்கள். "சோலார் நல்லது" என்று நூறு பேர் எழுதுவார்கள். 500 யூனிட் ஸ்லாபைத் தாண்டுவதால் ஒரு குடும்பத்துக்கு என்ன ஆகிறது என்று எண்ணோடு எழுதுபவர்கள் குறைவு. சூர்ய கர் மானியம் டெல்லியில் இருந்து வருகிறது, ஆணையம் அதைத் தொட முடியாது. ஆனால் நெட்மீட்டரிங் போனால் அந்த மானியத்தில் போட்ட பேனலின் பயனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும் என்பதை உங்கள் கணக்கே காட்டுகிறது.

வாரியத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதைத் தாண்டிப் போகாதீர்கள். மதியம் சோலார் நிறையக் கிடைக்கிறது. மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கும் ஏசியும் ஓடும்போது அது இல்லை. அந்த நேரத்து மின்சாரத்தை விலை கொடுத்து வாங்குவது வாரியம்தான். இதை ஒப்புக்கொண்டுவிட்டு எழுதினால் உங்கள் வார்த்தைக்கு எடை கூடும்.

வாடகை வீடு

கோபித்துக்கொள்ளாதீர்கள். சொந்த மாடி இருப்பவர்களுக்குச் சலுகை. வாடகைக்கு இருக்கும் நான் அதே லைனுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் முழுப் பணம் கட்டுகிறேன். இது என்ன நியாயம்?

மாலதி, திண்டுக்கல்

கோபமே இல்லை தம்பி. நீங்கள் கேட்பதை நானும் யோசித்திருக்கிறேன். மதியம் என் வீட்டிலிருந்து போகும் மின்சாரம் வெகுதூரம் போவதில்லை. பக்கத்து வீட்டு மிக்ஸியிலும் எதிர் வீட்டு மோட்டாரிலும்தான் ஓடுகிறது. அதற்கு அவர்கள் வாரியத்துக்கு வழக்கமான கட்டணம்தான் கட்டுகிறார்கள். எங்கோ இருக்கும் மின்நிலையத்தில் இருந்து கொண்டுவரும்போது வழியில் ஆகும் இழப்பும் இதில் கிடையாது. மாலையில் வாரியத்துக்குச் செலவு இருக்கிறது என்பது சரி. ராஜேந்திரன் சார் சொன்னபடி அதையும் எழுதுகிறேன்.

ஆனால் மாடி இல்லாதவர்களுக்கு வழியே இல்லை என்பது உண்மையான குறை. அதற்கு என்ன கேட்கலாம் சார்?

ராஜேந்திரன், ஓய்வு பெற்ற பொறியாளர்

ஓரிடத்தில் பேனல் போட்டு, அந்த யூனிட்டைப் பல வீட்டு மீட்டர்களில் கழிக்கும் முறை இருக்கிறது. டெல்லி ஆணையம் 2019இலேயே அதற்கு வழிகாட்டுதல் கொடுத்தது. வாடகைக்காரர்களும் அடுக்குமாடிக்காரர்களும் இதில் சேரலாம். இருப்பவருக்குச் சலுகையைப் பிடுங்குவதற்குப் பதில் இல்லாதவருக்கும் திறந்துவிடுங்கள் என்று கேளுங்கள்.

முருகன், ஃப்ரீமான்ட்

கலிஃபோர்னியாவில் இருந்து எழுதுகிறேன், மாலதி அக்கா. இங்கே நடந்தது உங்களுக்கு உதவலாம். 2021 டிசம்பரில் இங்குள்ள ஆணையம் ஒரு வரைவு போட்டது. சோலார் வீடுகள் ஒரு கிலோவாட்டுக்கு மாதம் 8 டாலர் தனிக்கட்டணம் கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. சாதாரண ஜனங்கள் போனிலும் கடிதத்திலும் விடாமல் எதிர்த்தார்கள். அந்தக் கட்டணம் கைவிடப்பட்டது.

ஆனால் முழுதாக ஜெயிக்கவில்லை. 2022 டிசம்பர் 15இல் ஐந்து உறுப்பினர்களும் ஒருமனதாகப் புது முறைக்கு ஓட்டுப் போட்டார்கள். 2023 ஏப்ரல் 15 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு, வெளியே கொடுக்கும் யூனிட்டின் மதிப்பு சராசரியாக முக்கால்வாசி குறைந்துபோனது. அதன்பின் சோலார் போடுவது சட்டென்று சரிந்து, இந்தத் தொழிலில் இருந்த பலருக்கு வேலை போனது.

நான் 2019இல் போட்டவன். பழைய வாடிக்கையாளருக்கு 20 ஆண்டு வரை பழைய முறையே என்று ஏற்கெனவே எழுத்தில் இருந்ததால் தப்பித்தேன். 2025இல் அந்த 20 ஆண்டைக் குறைக்கவும் சட்டசபையில் மசோதா வந்தது. அதனால் வாய்மொழி உறுதி போதாது அக்கா. எத்தனை ஆண்டு என்று உத்தரவிலேயே எண்ணாக வர வேண்டும் என்று கேளுங்கள்.

மாலதி, திண்டுக்கல்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேட்டிருப்பது இவ்வளவுதான்:

"10 கிலோவாட் வரையிலான வீட்டுச் சோலாருக்கு, கொடுத்த யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் முறை தொடர வேண்டும். ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்குச் சேர்ந்த நாளில் இருந்து 20 ஆண்டுக்கு விதி மாறாது என்று உத்தரவில் எழுத வேண்டும். மாலை நேரச் சுமைக்குத் தீர்வாக, பேட்டரி வைக்கும் வீட்டுக்கு ஊக்கத்தொகை தரலாம், வைக்க முடியாத வீட்டைத் தண்டிக்க வேண்டாம். வாடகைக்கு இருப்பவர்களும் சேரும்படி கூட்டு முறையைக் கொண்டுவர வேண்டும்."

நோட்டின் நான்கு பக்கங்களை நகல் எடுத்து இணைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் சோலார் வைத்திருக்கும் ஏழு வீட்டிலும் கையெழுத்து வாங்க வேண்டும். 2014இல் மாநில அரசு கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் கொடுத்தபோதே போட்ட ஒரு பெரியவர் இருக்கிறார், முதல் கையெழுத்து அவருடையது. திங்கட்கிழமை ஸ்பீடு போஸ்ட்டில் கிண்டியில் உள்ள ஆணையத்துக்கு அனுப்புகிறேன். உங்கள் மீட்டர் கணக்கையும் யாராவது இங்கே போட்டால், சொல்லுங்கள், சேர்த்து அனுப்புகிறேன்.