பிரிலிம் சர்ஜரியில் இன்னொரு வருஷமா, ஊர் திரும்புவதா?

வெண்ணாறு:
என் தம்பி தஞ்சாவூரில் எம்பிபிஎஸ், ஹவுஸ் சர்ஜன் எல்லாம் முடித்துவிட்டு அமெரிக்காவில் ஜெனரல் சர்ஜரிக்கு விண்ணப்பித்தான். படிப்பை முழுதாக முடிக்கும் ஐந்து வருஷ கேட்டகாரிகல் இடம் அமையவில்லை, அடுத்த வருஷத்துக்கு உறுதி இல்லாத ஒரு வருஷ பிரிலிம் இடம்தான் கிடைத்தது. ஜூன் 30-ஓடு ஒப்பந்தம் முடிகிறது. பயிற்சி இடங்களை ஒதுக்கும் மேட்ச்சில், இந்த மார்ச்சிலும் இடம் இல்லை. அதே ஆஸ்பத்திரியில் இன்னொரு வருஷம் பிரிலிமாகவே இருக்கச் சொல்கிறார்கள். அப்பா, "வந்து இங்கே மேற்படிப்புக்கு நீட் பிஜி எழுதட்டும்" என்கிறார். தம்பிக்கு மனசில்லை. மன்னார்குடியில் இருந்துகொண்டு என்ன சொல்வதென்று புரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரசலாறு:
வரச் சொல்லுங்கள் சகோதரி. அங்கே ஒரு ஆஸ்பத்திரியின் சர்ஜரி புரோகிராம் எத்தனை பேருக்குப் பயிற்சி தரலாம் என்பதை, டாக்டர் பயிற்சிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏசிஜிஎம்இ என்ற அமைப்புதான் அனுமதிக்கிறது. வருஷத்துக்கு நான்கு கேட்டகாரிகல் இடம் என்றால் கடைசி வருஷம் வரை அந்த நான்குதான். தம்பி எவ்வளவு நன்றாக உழைத்தாலும், புரோகிராமை நடத்தும் டைரக்டருக்கே ஆசை இருந்தாலும், ஐந்தாவது இடத்தை அவர் இஷ்டத்துக்கு உருவாக்க முடியாது. யாராவது விலக வேண்டும். அதுவரை வாரம் 80 மணி நேரம் வரை வார்டு, எமர்ஜென்சி, டிஸ்சார்ஜ் சம்மரி. பல இடங்களில் பிரிலிம்களை எடுப்பதே இந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான். அந்த வருஷங்கள் இங்கே எம்எஸ் படிப்பில் ஒரு நாளாகக்கூடக் கழியாது. இங்கே மூன்று வருஷத்தில் எம்எஸ் முடிந்துவிடும். அரசுப் பணியில் சேர்ந்துவிட்டால் மாநில பிஜி இடங்களில் பாதி அரசு டாக்டர்களுக்கு என்ற வழியும் இருக்கிறது.

குடமுருட்டி:
நான் பிரிலிமில் இருந்து கேட்டகாரிகலுக்கு மாறியவன், சொந்த ஊர் பாபநாசம். அரசலாறு சொல்லும் கணக்கு சரி. ஆனால் "யாராவது விலக வேண்டும்" என்பதை நடக்காத காரியம் மாதிரி சொல்கிறாரே, அங்கேதான் எனக்குச் சண்டை. சர்ஜரியில் சேர்ந்தவர்கள் விலகத்தான் செய்கிறார்கள். மயக்கவியலுக்குப் போகிறார்கள், ரேடியாலஜிக்குப் போகிறார்கள், குடும்பத்துக்காக வேறு ஊர் போகிறார்கள். அப்படிக் காலியாகும் இரண்டாம் வருஷ இடம் பெரும்பாலும் மேட்ச்சுக்கே வருவதில்லை. சர்ஜரி புரோகிராம் டைரக்டர்கள் சங்கத்தின் இணையதளத்தில் சில இடங்கள் வரும். மற்றவை டைரக்டர்கள் தங்களுக்குள் ஃபோனில் பேசியே நிரம்பிவிடும். எனக்கும் அப்படித்தான், வேறு மாநிலத்தில், மே மாதத்தில் கிடைத்தது. சர்ஜரி பயிற்சியில் இருப்பவர்கள் வருஷா வருஷம் எழுதும் அப்சைட் தேர்வில், ஜனவரி கடைசியில், நல்ல மார்க் இருந்தது, என் டைரக்டர் கூப்பிட்டுப் பேசினார். முதல் வருஷமும் கணக்கில் சேர்ந்துகொண்டது. ஊருக்கு வந்துவிட்டவனுக்காக யார் ஃபோன் எடுப்பார்?

அரசலாறு:
கிடைத்தவர் எழுதுகிறார், சந்தோஷம். கிடைக்காதவர்கள் இங்கே வந்து எழுதுவதில்லை. பயிற்சிக்கு வரும் வெளிநாட்டு டாக்டர்களுக்குத் தரும் ஜே-1 விசா என்றால் ஒவ்வொரு வருஷமும் புது ஒப்பந்தத்தைக் காட்டித்தான் நீட்டிக்க முடியும். ஒப்பந்தம் இல்லையென்றால் 30 நாளில் மூட்டை கட்ட வேண்டும். இரண்டு பிரிலிம் முடித்துவிட்டு வந்து, நேற்று ஹவுஸ் சர்ஜன் முடித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து எம்சிக்யூ படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். குறுவைக்கு வாங்கிய கடனே நிற்கிற வீடுகளில் அந்த வருஷம் யார் தலையில் விழும்?

வெட்டாறு:
அரசு மருத்துவமனையில் நெடுநாளாக அறுவை சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு தம்பிகளும் பொதுவாகவே பேசுகிறீர்கள். இந்தப் பையனுக்கு என்ன இடம் தருகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லையே? வெண்ணாறு, இரண்டாவது வருஷத்தில் அவனை இரண்டாம் வருஷ ரெசிடென்ட்டாகவே (பயிற்சி டாக்டர்) வைப்பார்களா, தியேட்டரில் கத்தியைக் கையில் கொடுப்பார்களா, அல்லது மறுபடி வார்டு வேலையா? அந்த டைரக்டர் இதற்குமுன் எத்தனை பிரிலிம்களுக்கு இடம் பிடித்துத் தந்திருக்கிறார்? அவன் நேரில் கேட்கட்டும், கூச்சப்பட வேண்டாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திருவாரூரில் 2010-லும் நாகப்பட்டினத்தில் 2022-லும் மருத்துவக் கல்லூரி வந்த பிறகும், குடலில் ஓட்டை விழுந்து ராத்திரியில் தஞ்சாவூர் வரை வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே வந்தால் கைக்கு வேலை இல்லாமல் போகாது.

குடமுருட்டி:
மேடம், மரியாதையோடு சொல்கிறேன், ஊருக்கு டாக்டர் வேண்டும் என்ற பாரத்தை இந்தப் பையன் தலையில் இப்போது வைக்காதீர்கள். மற்றபடி நீங்கள் சொன்ன கேள்விகளைத்தான் அவர் கேட்க வேண்டும்.

வெண்ணாறு:
எல்லோருக்கும் நன்றி. நேற்று தம்பி டைரக்டரைப் பார்த்தான். இரண்டாம் வருஷ ரெசிடென்ட்டாகவே வைப்பார்களாம், தியேட்டர் உண்டாம். கேட்டகாரிகல் இடம் பற்றி வாக்கு எதுவும் தர முடியாது, எங்காவது காலி என்றால் நானே கூப்பிட்டுப் பேசுகிறேன் என்றிருக்கிறார். முன்பு எத்தனை பேர் மாறினார்கள் என்பதற்கு மட்டும் நேராகப் பதில் வரவில்லை.

அரசலாறு:
அந்த ஒரு பதில் வராமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

குடமுருட்டி:
இதில் நானும் அவர் பக்கம்தான். போன சில வருஷத்துப் பிரிலிம்கள் யார் யார் என்று இப்போதிருக்கும் சீனியர் ரெசிடென்ட்களுக்குத் தெரியும். அவர்களிடம் பெயர் வாங்கி, தம்பியையே நேராகப் பேசச் சொல்லுங்கள். பாதிப் பேராவது எங்காவது சர்ஜரியில் இருந்தால் தாராளமாக இருக்கட்டும். ஒருவரும் இல்லையென்றால் அப்பா சொல்வதைக் கேட்கட்டும்.

வெண்ணாறு:
சரி, இன்றைக்கு ராத்திரியே சொல்கிறேன். கையெழுத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார்களாம்.