எலிக்காய்ச்சல் ஆய்வு: தடுப்பு மாத்திரையே நோயைக் கொண்டுவருகிறதா?

கேள்வி (சம்மாந்துறை மாணவி):
இறுதியாண்டுக்கு ஒரு சின்ன கேஸ்-கொன்ட்ரோல் ஆய்வு (நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிடுவது) செய்கிறேன். எலிக்காய்ச்சல் வந்த விவசாயிகளையும், வெளிநோயாளர் பிரிவுக்கு வந்த மற்றவர்களையும் கேட்டேன். டொக்ஸிசைக்ளின் என்ற தடுப்பு மாத்திரை குடித்தவர்களுக்குத்தான் நோய் கூட என்று வருகிறது, ஒட்ஸ் விகிதம் (1ஐத் தாண்டினால் நோய் வந்தவர்களிடையே மாத்திரை குடித்தவர்கள் கூட என்று காட்டும் எண்) 1ஐத் தாண்டி நிற்கிறது. எங்கே பிழை விட்டேன்? இரண்டு நாளாக நித்திரையில்லை.

பதில் (அக்கரைப்பற்று அண்ணன்):
தங்கச்சி, கணக்கு சரி, ஒப்பிட்ட ஆட்கள்தான் பிழை. வாரம் 200 மில்லிகிராம் மாத்திரையை பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) யாருக்குக் கொடுப்பார்? வட்டைக்குள், அதாவது வயலுக்குள், இறங்குகிறவருக்கு. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்துதானே அவருக்கு நோய் தொற்றுகிறது. உங்கள் கொன்ட்ரோலில் (ஒப்பிட எடுத்த, நோய் வராதவர்களில்) கடைக்காரரும் ரீச்சரும் இருந்தால் அவர்களுக்கு மாத்திரையும் இல்லை, சேறும் இல்லை, ஆகவே சேற்றின் பழி மாத்திரையில் விழுகிறது. அதே வட்டையில் அதே போகத்தில் வேலை செய்து காய்ச்சல் வராதவர்களைத் தேடுங்கள். பிரித்தானிய ஆய்வாளர்கள் டோலும் ஹில்லும் 1950இல் புகைத்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் பார்த்தபோது 709 நோயாளிகளுக்கும் பால், வயது, ஆஸ்பத்திரி பொருந்திய 709 பேரைத்தான் எடுத்தார்கள்.

பதில் (களுவாஞ்சிகுடி அக்கா):
இன்னொன்று. டொக்ஸிசைக்ளின் சிகிச்சைக்கும் கொடுக்கிற மருந்து. "மாத்திரை குடித்தீங்களா?" என்று மட்டும் கேட்டால், காய்ச்சல் வந்த பிறகு குடித்தவரும் தலையாட்டுவார். முதல் காய்ச்சல் எந்த நாள், அதற்கு முந்திய வாரம் குடித்தாரா என்று கேளுங்கள், மிச்ச மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

சம்மாந்துறை மாணவி:
ஐயோ, திகதியே கேட்கவில்லை அக்கா. படிவத்தை மாற்றிக்கொண்டு நாளைக்கே திரும்பப் போகிறேன்.