ஏறும்போது இல்லாத சத்தம்

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று நினைத்து எழுதுகிறேன். மூன்று மாதம் என்னைத் தூங்கவிடாமல் செய்த ஒரு சத்தத்தின் கதை இது.

என் வண்டி 2004 மாடல் டாடா 1613, ஆறு சக்கரம், கம்மின்ஸ் 6பிடி இன்ஜின். சங்ககிரியிலிருந்து பவானி, கோபி, சத்தியமங்கலம் வழியாகத் திம்பம் மலைப்பாதை ஏறிக் கர்நாடகாவில் சாம்ராஜ்நகர் பக்கம் போவேன். போகும்போது பெரும்பாலும் தேங்காய், வரும்போது நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு மக்காச்சோளம். பதினோரு வருடமாக இதே ரோடுதான்.

மாசி மாதம் ஒரு நாள் மக்காச்சோளத்தோடு திம்பம் இறங்கிக்கொண்டிருந்தேன். 27 கொண்டை ஊசி வளைவுகளில் நாலைந்துதான் தாண்டியிருப்பேன், இன்ஜின் பக்கமிருந்து 'டக் டக் டக்'கென்று கனமான தட்டல். வயிறு கலங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது. இரண்டு வளைவு தள்ளி மறுபடி வந்தது, மறுபடி நின்றது. கீழே பண்ணாரி வந்ததும் ஓரம் கட்டி, இன்ஜினை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டால் ஒன்றுமே இல்லை. கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டு வீடு வந்து சேர்ந்தோம்.

சில நாளைக்கு வரும், சில நாளைக்கு வராது. இப்படிப்பட்ட சத்தத்தில் இதுதான் பெரிய தொல்லை. பட்டறைக்குக் கொண்டுபோனால் வண்டி நல்ல பிள்ளை மாதிரி நிற்கும்.

முதலில் பார்த்த மெக்கானிக் டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, என்றார். அதில் தப்பு சொல்ல முடியாது, எல்லோரும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். இன்ஜின் ஆறிய பிறகு, இன்டேக் 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.51 என்று ஃபீலர் கேஜ் தகடு வைத்து ஆறு சிலிண்டருக்கும் சரிசெய்தார். இன்ஜின் ஓட்டம் சீரானது, தட்டல் போகவில்லை. இரண்டாமவர் சிலிண்டருக்குள் டீசல் தூவும் நாஸில்களைக் கழற்றிப் பம்புக்காரரிடம் அனுப்பினார். அங்கே ஒரு நாஸில் சரியாகத் தூவாமல் ஒழுகியது தெரிந்தது. மாற்றியதும் புகை குறைந்தது, அது ஒரு நல்லதுதான். ஆனால் அடுத்த ட்ரிப் இறக்கத்தில் மறுபடி டக் டக்.

மூன்றாவது பட்டறையில், "கனெக்டிங் ராடு பேரிங் போயிருச்சுங்க. இன்ஜினை எறக்கிரலாம், ஒன்னரை லட்சம் ஆகும்" என்றார்கள். கிராங்க் கடைசல், பேரிங், லைனர், பிஸ்டன் எல்லாம் சேர்த்து. எஃப்சிக்காக (வண்டித் தகுதிச் சான்று) வாங்கிய கடனே தீராத நேரம். சீட்டை எடுத்துவிடலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம்.

என் மாமனார் நாற்பது வருடம் லாரி ஓட்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

"மாப்ள, சத்தம் ஏத்தத்துல வருதா, எறக்கத்துல வருதா?"

"எறக்கத்துலதானுங் மாமா."

"லோடோட மலை ஏறறப்ப வர்லீல்ல? அப்பறம் எதுக்கு இன்ஜினைப் பிரிக்கறே?"

அந்தக் கேள்வியை நானே எனக்குக் கேட்டிருக்க வேண்டும். கனெக்டிங் ராடுதான் பிஸ்டனைக் கிராங்கோடு இணைப்பது. அதன் பேரிங் தேய்ந்திருந்தால், தேங்காய் லோடோடு இரண்டாம் கியரில் இழுத்து ஏறும்போதுதான் மோசமாகத் தட்டும். பிஸ்டன் மேல் முழு அடி விழுவது அப்போதுதானே. ஆயில் பிரஷர் முள்ளும் ஒரு நாள்கூட இறங்கவில்லை. பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து உள்தாளை வெள்ளைத் துணியில் விரித்துப் பார்த்தேன், பேரிங் பொடியின் மினுமினுப்பு ஒரு துளி இல்லை.

அடுத்த ட்ரிப்பில் கிளீனர் தம்பியிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். சத்தம் வரும்போதும் நிற்கும்போதும் என்ன கியர், மேடா பள்ளமா, மீட்டர்களில் முள் எங்கே நிற்கிறது, எல்லாம் எழுதச் சொன்னேன். மாலை 6 மணிக்கு மேல் திம்பத்தில் லாரி விடமாட்டார்கள் என்பதால் இறக்கம் எப்போதும் பகலில்தான், முள் நன்றாகத் தெரியும். பத்தாவது வளைவு வருவதற்குள்ளேயே அவன் சொல்லிவிட்டான்:

"அண்ணா, புஸ்ஸுனு காத்து விடுது பாருங்க, அப்பத்தானுங்ணா சத்தம் நிக்குது."

இருபது வயதுப் பையன். மூன்று பட்டறை பிடிக்காததை அவன் காது பிடித்தது. இன்றைக்கும் அவனை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

விஷயம் இதுதான். பிரேக்குக்குக் காற்று ஏற்றும் ஏர் கம்ப்ரசர் இன்ஜினோடு கியரில் பூட்டியிருக்கிறது. இன்ஜின் ஓடும்வரை அதுவும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் எப்போதும் வேலை செய்யாது. ஏர் டேங்கில் காற்று நிரம்பியதும், எங்கள் வண்டியில் 8 பார் அழுத்தத்துக்குக் கொஞ்சம் கீழே, அன்லோடர் வால்வு திறந்து புஸ் என்று காற்றை வெளியே விட்டுவிடும். அதற்கப்புறம் கம்ப்ரசர் சும்மா சுற்றும். பிரேக் மிதித்து ஏர் குறைந்தால் மறுபடி அழுத்தி ஏற்ற ஆரம்பிக்கும். கம்ப்ரசருக்குள்ளும் ஒரு பிஸ்டன், ஒரு கனெக்டிங் ராடு, ஒரு பேரிங் உண்டு. அந்தப் பேரிங் தேய்ந்தால், அழுத்தி ஏற்றும்போது தட்டும், சும்மா சுற்றும்போது அடங்கிவிடும்.

மலை ஏறும்போது பிரேக்குக்கு வேலை குறைவு, டேங்க் நிரம்பியே இருக்கும். இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக். பண்ணாரியில் நின்றபோதும் பட்டறையில் நின்றபோதும் டேங்க் நிரம்பியிருந்தது, அதனால் சத்தமில்லை. மெக்கானிக்குகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் கேட்டது சத்தமில்லாத வண்டியைத்தான். ஆனால் காதால் கேட்காத சத்தத்துக்கு இன்ஜினை இறக்கச் சொன்னது சரியில்லை என்பேன்.

வீட்டு வாசலில் சோதித்துப் பார்த்தேன். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஏர் நிரம்பும்வரை ஓடவிட்டேன். புஸ் வந்தது, அமைதி. பிறகு பிரேக்கை நாலைந்து தரம் மிதித்து ஏரை இறக்கினேன். உடனே டக் டக். திரும்ப நிரம்பியதும் நின்றது. ஐந்து தரம் செய்தேன், ஐந்து தரமும் அதே. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கம்ப்ரசர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டபோது தட்டல் மண்டைக்குள் கேட்டது. இன்ஜின் பிளாக்கில் வைத்தால் தூரத்தில்தான் கேட்டது.

இன்னும் இரண்டு அறிகுறி கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. ஏர் டேங்கின் அடியில் தண்ணீர் திறந்துவிடும்போது கறுப்பாக ஆயில் கலந்து வந்தது. முன்னெல்லாம் வெடியால (காலையில்) ஸ்டார்ட் செய்தால் ஐந்து நிமிடத்தில் ஏறும் ஏர், பத்து நிமிடம் எடுத்தது. பழைய வண்டிதானே என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. அந்த ஆயில் பிரேக் வால்வுகளில் இருக்கும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். ஏர் ஏறாத வண்டியில் திம்பம் இறங்குவதை நினைத்தாலே இப்போதும் கை நடுங்குகிறது.

கம்ப்ரசரைக் கழற்றிப் பிரித்தோம். ராடு பேரிங் ஒரு பக்கம் வெண்மை போய்ச் செம்பு நிறம் தெரிந்தது. காரணமும் கிடைத்தது. கம்ப்ரசருக்கு ஆயில் இன்ஜினிலிருந்து ஒரு சின்னக் குழாயில் வருகிறது. எப்போதோ வேலை செய்த யாரோ கேஸ்கட் பேஸ்ட்டை அள்ளிப் பூசியதில், பிதுங்கிய பேஸ்ட், அந்தக் குழாயைப் பூட்டும் பேஞ்சோ போல்ட்டின் ஆயில் ஓட்டையைப் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. ஆயில் பட்டினி. டேங்குக்குப் போகும் டெலிவரி குழாயிலும் கரி பிடித்து ஒரு பென்சில் நுழையும் அளவுதான் வழி இருந்தது, அதனால் கம்ப்ரசர் கூடுதலாக முக்கிக்கொண்டு வேலை செய்திருக்கிறது. இன்ஜின் மேல் எந்தக் குறையும் இல்லை.

லேத்தில் கிராங்கைக் கடைந்து, பேரிங், ரிங் புதிதாகப் போட்டு, குழாயை மாற்றினோம். எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். திரும்ப மாட்டும்போது ஒன்று செய்யுங்கள்: ஆயில் குழாயின் முனையைப் பூட்டுவதற்கு முன் இன்ஜினைச் செல்ஃபில் சுற்றவிட்டு ஆயில் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். கம்ப்ரசருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் ஊற்றிவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.

லாரி ஸ்டாண்டில் இதைச் சொன்னதும் ஆளாளுக்கு அவரவர் சத்தத்தைச் சொன்னார்கள். அந்தியூர்க்கார அண்ணன் ஒருவருக்கு லேலண்ட் வண்டி. வெடியால ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்'கென்று வருமாம், வண்டி சூடானால் காணாமல் போகுமாம். இரண்டு தரம் டேப்பட் வைத்திருக்கிறார். கடைசியில் பார்த்தால், இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கட் விட்டுப்போயிருந்தது. ஆறியிருக்கும்போது இடுக்கு வழியாகப் புகை அடிக்கிறது, சூட்டில் இரும்பு விரிந்ததும் இடுக்கு மூடிக்கொள்கிறது. மேனிஃபோல்டு ஓரத்தில் படிந்திருந்த கரிதான் காட்டிக்கொடுத்ததாம்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் ஒருவர் சத்தீஸ்கரில் போர்வெல் போடப் போன இடத்தில் ஐடிலில் மட்டும் கரகர சத்தம். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் ஓடவிட்டார், சத்தம் போய்விட்டது. வாட்டர் பம்ப் பேரிங். பெல்ட் இல்லாமல் தண்ணீர் சுற்றாது, அரை நிமிடத்துக்கு மேல் ஓடவிடாதீர்கள் என்று அவரே சொன்னார். கிளட்ச் மிதித்தால் மாறும் சத்தத்துக்கு இன்ஜினைத் தொட வேண்டியதே இல்லை, கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம் பாருங்கள் என்றார் இன்னொருவர்.

நாஸில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் தட்டுகிறது என்று பார்ப்பது நல்ல வழிதான். நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் விரலை அருகே கொண்டுபோகாதீர்கள், துணி சுற்றியிருந்தாலும் கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி ஆனால் சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வேலை முடிந்த பின் முதல் ட்ரிப்பில் வேண்டுமென்றே கண்ணாடியை இறக்கிவிட்டு, கியரில் போட்டு மெதுவாகத் திம்பம் இறங்கினேன். தம்பி பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தான். 27 வளைவிலும் புஸ் சத்தம் மட்டும்தான் கேட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏர் டேங்கை ஓர் அட்டை மேல் திறந்துவிட்டுப் பார்க்கிறோம். போன வாரம் வந்தது வெறும் தண்ணீர்.