நுண்தடத்தில் மின்எதிர்ப்பு அளவீடு: ஒரே அளவுள்ள மணிகள் ஏன் வெவ்வேறு உயரத் துடிப்புகளைத் தருகின்றன?

கேள்வி: ஆய்வு மாணவர்

அனைவருக்கும் வணக்கம். இரத்த வெள்ளணுக்களை, ஒளிரும் சாயம் எதுவும் ஏற்றாமல், மின்பண்புகளைக் கொண்டே ஒவ்வொன்றாக வகை பிரிக்க முயன்று வருகிறேன். என் சில்லில் உள்ள தடம் 40 மைக்ரான் அகலமும் 40 மைக்ரான் உயரமும் கொண்டது. 20 மைக்ரான் அகலமுள்ள மூன்று பிளாட்டின மின்முனைகள், 20 மைக்ரான் இடைவெளி விட்டு, தடத்தின் தரையில் மட்டும் பதிக்கப்பட்டுள்ளன. நடு மின்முனைக்கு மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்து, இரு பக்கத்திலும் வரும் மின்னோட்டங்களின் வேறுபாட்டை, குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் பிரித்தளக்கும் லாக்-இன் பெருக்கியால் அளக்கிறேன். ஒரு துகள் கடக்கும்போது அது முதலில் நேர்த் துடிப்பாகவும் பிறகு எதிர்த் துடிப்பாகவும் தெரியும். திரவம் பிபிஎஸ் எனப்படும் பாஸ்பேட் உப்புக் கரைசல்.

அளவு திருத்தத்திற்காக 7 மைக்ரான் பாலிஸ்டைரீன் மணிகளைச் செலுத்தினால், துடிப்புகளின் உயரம் சராசரியிலிருந்து ஏறத்தாழ 25 விழுக்காடு சிதறுகிறது. ஆனால் மணிகளின் விட்டத்தில் 2 விழுக்காட்டுச் சிதறலே உண்டு என்று குப்பியில் அச்சிட்டிருக்கிறார்கள். 50 கிலோஹெர்ட்ஸில் துடிப்பே தெளிவாகத் தெரிவதில்லை. வெள்ளணு வகைகளான லிம்ஃபோசைட்டுகளும் மோனோசைட்டுகளும் வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. எந்த அதிர்வெண்களைத் தேர்வது என்றும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: மின்னணுவியல்

50 கிலோஹெர்ட்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். உப்புக் கரைசலைத் தொடும் உலோகப் பரப்பில் அயனிகள் அடுக்காகச் சேர்ந்து மின்தேக்கியைப் போல நடந்துகொள்கின்றன. சதுர சென்டிமீட்டருக்கு 20 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 20-க்கு 40 மைக்ரான் பரப்புள்ள உங்கள் மின்முனைக்குச் சுமார் 160 பிக்கோஃபாரட் வரும். 50 கிலோஹெர்ட்ஸில் இரண்டு மின்முனைகளும் சேர்ந்து 40 கிலோஓம் அளவுக்கு மறிக்கின்றன; இடையிலுள்ள கரைசலின் மின்தடையோ ஏறக்குறைய 23 கிலோஓம்தான். கடந்து செல்லும் இரத்த அணு மாற்றுவது இந்த இரண்டாவது பங்கை மட்டுமே என்பதால் உங்கள் சமிக்ஞை மங்கிவிடுகிறது. 500 கிலோஹெர்ட்ஸுக்குச் சென்றால் முதற்பங்கு 4 கிலோஓமாகச் சுருங்கும். கீழ் அதிர்வெண் கட்டாயம் வேண்டுமென்றால், மின்முனைமீது பிளாட்டினக் கருமை பூசி மெய்ப்பரப்பைக் கூட்டலாம். மறுபக்கம், 10 மெகாஹெர்ட்ஸில் 1 பிக்கோஃபாரட் கம்பிக் கசிவுகூட 16 கிலோஓம் பாதையாகிவிடும் என்பதால், மேலே போகப் போக இணைப்புக் கம்பிகளைக் குட்டையாக்குங்கள்.

மறுமொழி 2: பாய்ம ஆய்வகம்

மணிகளின் சிதறலே இங்கு முதன்மையான சிக்கல். அதைத் தீர்க்காமல் வெள்ளணுக்களைப் பற்றி எதுவும் முடிவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

விட்டத்தில் 2 விழுக்காடு என்பது கனஅளவில் 6 விழுக்காடு. துடிப்பின் உயரம் கனஅளவைப் பின்பற்றுவதால், உங்கள் 25 விழுக்காட்டில் மணிகளின் பங்கு மிகச் சிறியது. எஞ்சியதில் மிகப் பெரும் பகுதி, மணி எந்த உயரத்தில் கடந்து சென்றது என்பதிலிருந்து வருகிறது. மின்முனைகள் தரையில் மட்டும் இருக்கும்போது மின்புலம் தரையருகே அடர்ந்தும் கூரையருகே மெலிந்தும் இருக்கும். ஆகவே தரையை ஒட்டிச் செல்லும் சிறிய மணியும் கூரையை ஒட்டிச் செல்லும் பெரிய மணியும் ஒரே உயரத் துடிப்பைத் தந்துவிட முடியும். சமிக்ஞை எவ்வளவு சிறியது என்பதையும் எண்ணிப் பாருங்கள்: 7 மைக்ரான் மணியின் கனஅளவு சுமார் 180 கன மைக்ரான், அளக்கும் பகுதியோ 40, 40, 60 ஆகியவற்றைப் பெருக்கினால் 96,000 கன மைக்ரான். மின்கடத்தாக் கோளத்திற்கு மேக்ஸ்வெல் தரும் 3/2 காரணியைச் சேர்த்தாலும் மாற்றம் 0.28 விழுக்காடுதான்.

இதற்குத் தீர்வு துடிப்பின் வடிவத்திலேயே இருக்கிறது. தரையருகே செல்லும் துகள் உயரமான, ஒடுங்கிய துடிப்பைத் தரும். மேலே செல்வது குட்டையான, அகன்ற துடிப்பைத் தரும். ஆனால் அகலத்தை நேரத்தில் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம், ஏனெனில் தடத்தின் நடுவில் ஓட்டம் வேகமாகவும் சுவரருகே மெதுவாகவும் இருக்கும். எனவே ஒவ்வொரு நிகழ்விலும் துடிப்பின் அகலத்தை, நேர்த் துடிப்புக்கும் எதிர்த் துடிப்புக்கும் இடைப்பட்ட காலத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். வேகம் அடிபட்டுப் போகும். மணிகளுக்கு இந்த விகிதத்தை ஓர் அச்சிலும் மின்வழி விட்டத்தை (துடிப்பின் உயரத்தின் கனமூலத்திலிருந்து கணக்கிடும் விட்டம்) மற்றோர் அச்சிலும் குறித்தால் சாய்ந்த பட்டை தெரியும். அந்தச் சாய்வைக் கொண்டு ஒவ்வொரு துகளின் விட்டத்தையும் திருத்தலாம். புதிய சில்லு செய்ய வாய்ப்பிருந்தால் தரையிலும் கூரையிலும் எதிரெதிரே மின்முனைகளை வையுங்கள். மேல்கீழ்ச் சீரின்மை வெகுவாகக் குறையும், ஆனால் இரு தகடுகளையும் மைக்ரான் துல்லியத்தில் பொருத்துவது எளிய வேலையன்று.

மறுமொழி 3: உயிர் இயற்பியல்

மேலுள்ள திருத்தத்தைச் செய்த பிறகு அதிர்வெண்ணுக்கு வாருங்கள். குறைந்த அதிர்வெண்ணில் அணுவின் சவ்வு மின்காப்பாக நிற்பதால் பருமன் மட்டுமே தெரிகிறது. வாலஸ் கூல்டர் 1953-இல் காப்புரிமை பெற்ற எண்ணும் கருவி நேர்மின்னோட்டத்தில் செய்ததும் இதுவே. 5 மைக்ரான் ஆரமும், சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோஃபாரட் சவ்வு மின்தேக்குத்திறனும், மீட்டருக்கு 0.5 சீமன்ஸ் உட்கடத்துத்திறனும் கொண்ட அணுவுக்கு, பிபிஎஸ் கரைசலில் அந்த மின்காப்பு தளரும் அதிர்வெண் 1.4 மெகாஹெர்ட்ஸ் அளவில் வருகிறது. சௌத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் ஹைவெல் மார்கன் குழுவினர் 2009-இல் லிம்ஃபோசைட், மோனோசைட், நியூட்ரோஃபில் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டியபோது ஏறத்தாழ 0.5, 1.7 மெகாஹெர்ட்ஸ்களை ஒருசேரச் செலுத்தினார்கள். உயர் அதிர்வெண் துடிப்பைக் குறைந்த அதிர்வெண் துடிப்பால் வகுத்தால் வரும் ஒபாசிட்டி என்னும் விகிதமே அங்கு இரண்டாவது அச்சு. இரு துடிப்புகளும் ஒரே பாதையில் பிறப்பதால், துகள் செல்லும் உயரத்தால் வரும் சிதறலின் பெரும்பகுதி அந்த விகிதத்தில் நீங்கிவிடும்.

கேள்வியாளர்

மிக்க நன்றி. அப்படியானால் ஒபாசிட்டியை, பருமன் சாராத, தூய சவ்வுப் பண்பாக எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 4: உயிர் இயற்பியல்

கூடாது. மேற்சொன்ன தளர்வு அதிர்வெண் ஆரத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், சவ்வு ஒன்றாகவே இருந்தாலும் பெரிய அணுவின் ஒபாசிட்டி குறைந்தே தெரியும். மோனோசைட்டின் சவ்வில் மடிப்புகள் மிகுந்து மின்தேக்குத்திறன் கூடியிருப்பது உண்மைதான்; ஆனால் அதைப் பருமனின் விளைவிலிருந்து பிரித்தெடுக்க, கணித மாதிரியைப் பொருத்திக் கணக்கிட வேண்டும். சிவப்பணுக்களைக் கரைக்க நீங்கள் சேர்க்கும் வேதிப்பொருளும் வெள்ளணுக்களின் சவ்வைத் தாக்கக்கூடியது. ஆகவே கரைக்கும் நேரத்தை எல்லா இரத்த மாதிரிகளுக்கும் ஒன்றாக வைத்து, 7 மைக்ரான் மணிகளை ஒவ்வொரு ஓட்டத்திலும் இரத்தத்துடனேயே கலந்து விடுங்கள்.