மெலடிக் ராக் விழாக்களில் அரங்கு ஏன் நிறைவதில்லை?

மிட்லண்ட்ஸ்வாசி எழுதியது:

இங்கிலாந்தின் நடுப்பகுதி நகரம் ஒன்றில் சென்ற இலையுதிர் காலத்தில் இரண்டு நாள் மெலடிக் ராக் விழா (மெட்டுக்கு முதலிடம் தரும், எண்பதுகளில் புகழ்பெற்ற ராக் வகை) ஒன்று நடந்தது, நானும் போயிருந்தேன். விழாவின் பெயர் இந்த விவாதத்துக்குத் தேவையில்லை. பாடியவர்களிடமோ ஒலியமைப்பிலோ குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சனிக்கிழமை இரவு முதன்மைக் குழு மேடையேறிய நேரத்தில்கூட அரங்கின் பின்பாதி வெறிச்சோடிக் கிடந்தது. அமெரிக்காவிலிருந்து ஒரே ஒரு நிகழ்ச்சிக்காகப் பறந்து வந்த அந்தப் பாடகர், முன்வரிசையில் நின்ற முந்நூறு பேரைப் பார்த்து, நிறைந்த அரங்குக்குப் பாடுவதைப் போலவே பாடினார்.

இதற்கு முழுப் பொறுப்பும் ரசிகர்களுடையது என்பது என் கருத்து. “இந்தக் குழுவை இங்கிலாந்துக்கு அழைத்து வரக் கூடாதா” என்று ஆண்டு முழுவதும் இணையத்தில் எழுதுகிறவர்கள், அழைத்து வந்த பிறகு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். நாட்டிங்காம் ராக் சிட்டி அரங்கில் பல ஆண்டுகளாக நடந்துவந்த ஃபயர்ஃபெஸ்ட், 2014 அக்டோபரில் கடைசி விழாவை அறிவித்து நடத்தி முடித்தபோது எத்தனை இரங்கல் பதிவுகள் வந்தன! எழுதியவர்களில் பாதிப் பேர் முந்தைய ஆண்டுகளில் டிக்கெட் வாங்கியிருப்பார்களா என்பது என் சந்தேகம்.

நள்ளிரவு வானொலி எழுதியது:

மிட்லண்ட்ஸ்வாசி அவர்களின் வருத்தம் புரிகிறது. குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. ரசிகன் என்பவன் நன்கொடையாளன் அல்லன். தனக்குப் பிடித்த இசைவகை அழிந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வோர் ஆண்டும் டிக்கெட், ரயில், விடுதி, சாப்பாடு என்று செலவழிக்க அவன் கடமைப்பட்டவனும் அல்லன். வரவேண்டும் என்றால் அவனுக்கு வேறெங்கும் கிடைக்காத ஒன்று அங்கே இருக்க வேண்டும்.

எஃப்எம் குழுவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் லண்டனில் தொடங்கி 1995இல் கலைந்துபோன அந்தக் குழு, 2007இல் மீண்டும் ஒன்றுசேர்ந்தது ஃபயர்ஃபெஸ்ட் மேடைக்காகத்தான். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்க முடியாத ஒன்றைக் கேட்கப்போகிறோம் என்ற எதிர்பார்ப்பு ரசிகர்களை நாட்டிங்காமுக்கு இழுத்தது. ஆனால் அதன்பின் நடந்தது என்ன? மீண்டு வந்த எஃப்எம் ஏறத்தாழ ஆண்டுதோறும் பிரிட்டன் முழுவதும் சுற்றிப் பாடத் தொடங்கியது. குழுவுக்கு அது நல்லது, ரசிகருக்கும் நல்லது. ஆனால் இன்று ஒரு விழா அவர்கள் பெயரைச் சுவரொட்டியின் தலைப்பில் போட்டால், லீட்ஸிலோ கார்டிஃபிலோ இருக்கும் ரசிகர் எதற்காகக் கிளம்ப வேண்டும்? அடுத்த மாதம் அவருடைய ஊரிலேயே அதே குழு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பாடப்போகிறது. விழாவில் அதில் பாதியளவு நேரம் கிடைத்தாலே அதிகம். விழாக்களே உயிர்கொடுத்த குழுக்களை இப்போது விழாக்களால் விற்க முடியவில்லை. இதில் ரசிகரின் சோம்பல் எங்கே வருகிறது?

ஆறாம் தந்தி எழுதியது:

இருவரும் மனிதர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். கணக்கைப் பற்றியும் யாராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். கீழே உள்ள எண்கள் கற்பனை. வரி விகிதங்கள் மட்டும் உண்மை.

இரண்டு நாள் டிக்கெட் 120 பவுண்டு என்று வையுங்கள். 800 பேர் வாங்கினால் 96,000 பவுண்டு. மதிப்புக்கூட்டு வரி 20 சதவீதம் என்பதால் 16,000 பவுண்டு அரசுக்குப் போய்விடும். கையில் நிற்பது 80,000. அதிலிருந்துதான் அரங்க வாடகை, பாதுகாவலர், ஒலி ஒளி, வாடகைக்கு எடுக்கும் டிரம்ஸ், ஆம்ப்ளிஃபையர்கள், பாடல் உரிமைத் தொகை, பன்னிரண்டு குழுக்களின் சன்மானம், விமானக் கட்டணம், விடுதி எல்லாம். வெளிநாட்டுக் கலைஞருக்குத் தரும் தொகை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் அதில் 20 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டிய பொறுப்பும் ஏற்பாட்டாளருக்கு உண்டு. “எங்கள் கைக்கு வரவேண்டிய தொகை இவ்வளவு” என்று நிகரத் தொகையாகப் பேசி முடிக்கும் குழுக்கள் விஷயத்தில் அந்தச் சுமையும் ஏற்பாட்டாளரின் தலையில்தான் ஏறும். 800க்குப் பதிலாக 600 பேர் மட்டும் வந்தால் வருமானம் 80,000லிருந்து 60,000 ஆகிறது. செலவில் பெரிதாக ஒன்றும் குறைவதில்லை.

சுற்றுப்பயணத்தில் இருக்கும் குழுவுக்கு அட்லாண்டிக்கைத் தாண்டும் செலவு பத்துப் பதினைந்து ஊர்களுக்குப் பங்கிடப்படும். விழாவுக்காக மட்டும் வரும் குழுவின் முழுச் செலவும் ஒரே இரவின் மேல் விழுகிறது. நள்ளிரவு வானொலி கேட்கும் “வேறெங்கும் கிடைக்காத” நிகழ்ச்சிதான் ஏற்பாட்டாளருக்கு மிகவும் விலையுயர்ந்தது. இதில் நாணய மாற்று வேறு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது பற்றிய 2016 ஜூன் வாக்கெடுப்புக்கு முன் ஏறத்தாழ 1.50 டாலராக இருந்த பவுண்டு, அவ்வாண்டு அக்டோபரில் 1.25க்கும் கீழே இறங்கியது. ஒப்பந்தத்தை டாலரில் போட்டுவிட்டு டிக்கெட்டைப் பவுண்டில் விற்றவருக்கு, ஒரு டிக்கெட்கூடக் குறையாமல் விற்றிருந்தாலும் இழப்புதான்.

தாமரைக்குளம் எழுதியது:

ஐயா, கணக்கு சரி. ஆனால் கூட்டம் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு இது விடையாகவில்லை. வராவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

எனக்குத் தோன்றுவது மிகச் சாதாரணமான காரணம். ஜர்னி குழுவின் ‘எஸ்கேப்’, ஃபாரினர் குழுவின் ‘4’ ஆகிய இரண்டு இசைத்தொகுப்புகளும் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தவை 1981இல். அப்போது பதினெட்டு வயதில் இருந்தவருக்கு இன்று அறுபதுக்கு மேல். அவரைப் பகல் ஒரு மணி முதல் இரவு பதினொரு மணிவரை சிமெண்டுத் தரையில், இரண்டு நாள் தொடர்ந்து நிற்கச் சொல்கிறோம். அவர் மாலை ஏழு மணிக்கு வருகிறார். பகலில் பாடும் நான்கு குழுக்களும் காலி அரங்கைப் பார்த்துப் பாடுகின்றன. அந்தப் புகைப்படங்களைப் பார்த்து நாம் இங்கே “விழா தோல்வி” என்று எழுதுகிறோம். அமெரிக்காவின் மேரிலாந்தில் 2009 முதல் நடந்துவரும் எம்3 விழா, கூரையின் கீழ் வரிசையாக இருக்கைகளும் அதற்குப் பின்னால் புல்வெளியும் உள்ள மெரிவெதர் போஸ்ட் பெவிலியனில் நடக்கிறது. உட்கார இடம் கொடுத்தால் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

போக்குவரத்தையும் சொல்ல வேண்டும். நேப்பிள்ஸைச் சேர்ந்த ஃபிரான்டியர்ஸ் இசைத்தட்டு நிறுவனம் 2014 முதல் தன் விழாவை நடத்திய ட்ரெட்ஸோ சுல் அட்டா, மிலானுக்கும் பெர்கமோவுக்கும் இடையில் உள்ள சிற்றூர். பெர்கமோவுக்கு மலிவு விமானங்கள் நிறைய உண்டு. வந்து இறங்குவது எளிது. ஆனால் ஊரில் ரயில் நிலையம் இல்லை, மிலான் மெட்ரோ அதற்கு முன்பே ஜெஸ்ஸாட்டே என்ற ஊரோடு நின்றுவிடுகிறது. நள்ளிரவில் நிகழ்ச்சி முடிந்தபின் கார் இல்லாதவர் என்ன செய்வார்? பக்கத்திலேயே அறை கிடைக்காதவர்கள் கடைசிக் குழுவின் பாதியில் எழுந்து போவதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மிட்லண்ட்ஸ்வாசி எழுதியது:

வயதைப் பற்றித் தாமரைக்குளம் அவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. எனக்கும் முழங்கால் வலி உண்டு. ஆனால் அதே வயதுக்காரர்கள் 2024 கோடையில் அமெரிக்காவில் ஜர்னியும் டெஃப் லெப்பர்டும் சேர்ந்து பாடிய விளையாட்டரங்குகளுக்குப் போனார்களே! தெற்கு ஸ்வீடனின் நோர்யேயில் நடக்கும் ஸ்வீடன் ராக் விழாவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெயிலிலும் மழையிலும் நாட்கணக்கில் நிற்கிறார்களே! எனவே உடம்பு முடியாது என்பது சாக்கு. மனம் இல்லை என்பதே என் குற்றச்சாட்டு.

ஆறாம் தந்தி எழுதியது:

நீங்கள் கொடுத்த இரண்டு சான்றுகளுமே உங்கள் வாதத்துக்கு எதிரானவை. ஜர்னியைப் பார்க்கப் போகிறவர், தன் திருமணத்தில் ஒலித்த பாட்டையும் காரில் கேட்டு வளர்ந்த பாட்டையும் கேட்கப் போகிறார். அவருக்கு இந்த வகையின் சிறிய குழுக்களான ஹேரம் ஸ்கேரம் யார், டைக்கெட்டோ யார் என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் வரவில்லை. ஸ்வீடன் ராக்கில் நிற்பவர்களில் பெரும்பகுதியினர் ஹெவி மெட்டலுக்கும் கிளாசிக் ராக்குக்கும் வந்தவர்கள். ட்ரீட், எக்லிப்ஸ் போன்ற மெலடிக் ராக் குழு மேடையேறினால் அந்தக் கூட்டம் அதற்கும் கிடைக்கிறது. மெலடிக் ராக்குக்கு மட்டுமே என்று ஒரு விழா வைத்தால், குழுக்களின் பெயர்களையும், எந்தத் தொகுப்பில் எந்தக் கிட்டார்காரர் என்பதையும் அறிந்த சிறு வட்டம் மட்டுமே மிஞ்சுகிறது. அந்த வட்டம் ஒரு நாட்டில் இல்லை. ஜப்பான், ஸ்பெயின், பிரேசில், ஸ்வீடன், ஜெர்மனி என்று சிதறிக் கிடக்கிறது. பத்து நாடுகளில் நூறு நூறு பேராக இருப்பவர்கள் இணையத்தில் பெருங்கூட்டமாகத் தெரிவார்கள். ஒரு சனிக்கிழமை மாலை ஓர் ஊரில் ஒன்றுகூட மாட்டார்கள். இணையத்தில் வரும் கூச்சலை வைத்து அரங்கின் அளவைத் தீர்மானிக்கும் ஏற்பாட்டாளர்தான் 2,000 பேர் கொள்ளும் அரங்கில் 700 பேரை நிறுத்திவிட்டுத் தலையில் கைவைக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. இது பலருக்குப் பிடிக்காது. கடந்த இருபது ஆண்டுகளில் இந்த இசைவகையில் வெளிவந்த தொகுப்புகளில் கணிசமானவை மேடையேறும் குழுக்களால் உருவானவை அல்ல. நிறுவனம் ஒரு நாட்டுப் பாடகரையும் இன்னொரு நாட்டுப் பாடலாசிரியரையும் சேர்த்துவைக்கிறது, கோப்புகள் மின்னஞ்சலில் போய்வருகின்றன, தொகுப்பு வெளியாகிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் ஒரு குழு எந்த ஊர் மேடையிலும் ஒருநாளும் நின்றதில்லை. நாற்பது பேர் கூடும் மதுக்கூடத்தில் பாடி, அடுத்த ஆண்டு இருநூறு பேர், அதற்கடுத்த ஆண்டு ஐந்நூறு பேர் என்று ஆள் சேர்க்கும் வேலை அங்கே நடக்கவே இல்லை. அப்படிப்பட்ட பெயரைச் சுவரொட்டியில் நான்காவது வரியில் போட்டால் ஒரு டிக்கெட்கூட அதற்காக விற்காது. ஹீட் போன்ற ஸ்வீடன் குழுக்களுக்குக் கூட்டம் வருகிறது என்றால், அவர்கள் வேனில் ஏறி ஊர் ஊராகப் போனவர்கள் என்பதே காரணம்.

நள்ளிரவு வானொலி எழுதியது:

ஆறாம் தந்தி அவர்களின் கடைசிப் பத்தியோடு முழுவதுமாக உடன்படுகிறேன், ஆனால் ஃபிரான்டியர்ஸ் விழாவைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். அங்கே விழா நடத்தியது இசைத்தட்டு நிறுவனமே என்பதால், மேடையில் நடந்ததைப் பதிவுசெய்து விற்கவும் முடிந்தது. டைக்கெட்டோவின் ‘லைவ் ஃப்ரம் மிலான் 2017’ அந்த மேடையில் பதிவானதே. அரங்கில் இருப்பவர்கள் ஒரு வருமானம், பதிவு இன்னொரு வருமானம், தன் புதிய குழுக்களுக்குக் கிடைக்கும் விளம்பரம் மூன்றாவது. சொந்தச் சேமிப்பைப் போட்டு விழா நடத்தும் இரண்டு நண்பர்களுக்கு இப்படி எந்த ஊன்றுகோலும் கிடையாது. டிக்கெட் ஒன்றே அவர்கள் நம்பிக்கை. ஆனால் அந்தப் பதிவே எதிர்வேலையும் செய்கிறது. ஆறு மாதம் பொறுத்தால் நல்ல ஒலியில், நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று தெரிந்தவர் விமானம் ஏறத் தயங்குவார்.

வடக்கு வேல்ஸின் புல்லெலியில் விடுமுறை முகாமில் நடந்த எச்ஆர்எச் ஏஓஆர் என்ற மெலடிக் ராக் விழாவில் தங்குமிடமும் டிக்கெட்டும் சேர்த்தே விற்கப்பட்டன. இசை பிடிக்காத துணைவரும் கடற்கரையைப் பார்க்க வருவார். வருகிறவர் நடுவில் வீட்டுக்குப் போக முடியாது. கால் வலித்தால் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டு இரவு வரலாம். தாமரைக்குளம் அவர்கள் எழுப்பிய இரண்டு சிக்கல்களுக்கும் அது ஒரு நல்ல தீர்வு. நகர அரங்குகளில் விழா வைப்பவர்கள் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை.

மிட்லண்ட்ஸ்வாசி எழுதியது:

எல்லாக் காரணங்களையும் கேட்டேன். இருந்தாலும் ஒரு கேள்வி. மேக்னம் குழுவின் கிட்டார்காரர் டோனி கிளார்கின் 2024 ஜனவரியில் காலமானார். ஃபயர்ஹவுஸ் குழுவின் சி. ஜே. ஸ்னேர் அதே ஆண்டு ஏப்ரலில். சர்வைவரின் ஜிமி ஜேமிசன் 2014இலேயே போய்விட்டார். சுவரொட்டியின் மேல்வரியில் போடக்கூடிய பெயர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. அரங்கு சரியில்லை, இருக்கை இல்லை, சென்ற ஆண்டும் இதே குழுதான் என்று காரணம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள், பாடுகிறவர்களே இல்லாமல் போகும் நாளில் யாரைக் குறை சொல்வார்கள்? இருக்கும்போது போய்ப் பார்ப்பது அவ்வளவு பெரிய தியாகமா?

தாமரைக்குளம் எழுதியது:

தியாகம் இல்லை, அண்ணா. ஆனால் போவதற்கு வழி வைக்க வேண்டும். நீங்கள் போன அந்த விழாவில் இரண்டு நாளுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் விற்றார்கள். ஒரு நாளுக்கு மட்டும் இல்லை என்று அறிவிப்பிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறவர் சனிக்கிழமை மட்டும் வர விரும்பினால் அவர் இரண்டு நாள் பணம் கட்ட வேண்டும். ஒருநாள் டிக்கெட் இருந்திருந்தால் அரங்கின் பின்பாதியில் அப்படிப்பட்டவர்கள் நின்றிருக்கக்கூடும்.

ஆறாம் தந்தி எழுதியது:

ஒருநாள் டிக்கெட்டை முதலிலேயே விற்றால், இரண்டு நாள் வாங்கியிருக்கக்கூடியவர்களில் ஒரு பகுதியினர் தங்களுக்குப் பிடித்த நாளை மட்டும் வாங்குவார்கள். முதன்மைக் குழு வலுவாக இருக்கும் நாள் நிறையும். மற்ற நாள் இப்போதிருப்பதைவிடக் காலியாக இருக்கும். முன்பணம் கட்ட வேண்டிய மாதங்களில் ஏற்பாட்டாளர் கைக்கு வரும் தொகையும் குறையும். அந்த அச்சத்தில்தான் பலர் கடைசி மாதம்வரை ஒருநாள் டிக்கெட்டை அறிவிப்பதில்லை. அதற்குள் ரயில் கட்டணம் ஏறிவிடுகிறது என்பதும் உண்மையே.

நள்ளிரவு வானொலி எழுதியது:

அப்படியானால் சனிக்கிழமையைவிட ஞாயிற்றுக்கிழமைக்கு வலுவில்லாத பட்டியலைப் போட்டதை ஏற்பாட்டாளர்கள் முதலில் ஒத்துக்கொள்ளட்டும். இரண்டு நாளும் ஒரே தரம் என்றால் ஒருநாள் டிக்கெட்டைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. எந்த ஏற்பாட்டாளராவது இரண்டு வகை டிக்கெட்டையும் முதல் நாளிலிருந்தே விற்றுப் பார்த்து, அதனால் இழப்பு என்று கணக்குக் காட்டினால் ஆறாம் தந்தி அவர்கள் சொல்வதை ஏற்கிறேன். அதுவரை ஒருநாள் டிக்கெட் இல்லாத விழாவுக்கு நான் பணம் கட்டப்போவதில்லை. மிட்லண்ட்ஸ்வாசி அவர்கள் அதைச் சோம்பல் என்று எழுதிக்கொள்ளலாம்.