அவசரம்: எந்த ஊரைப் போட்டாலும் 1000 என்றே வருகிறது

வெண்பா22: நாளை கைடிடம் (ஆய்வு வழிகாட்டி) காட்டியாக வேண்டும். வெனிசுவேலாவிலிருந்து கொலம்பியாவுக்கு இடம்பெயர்ந்தவர்களை ஊர்வாரியாக எடுக்கிறேன். பொகோட்டா, மெடெயின் சரியாக வருகிறது. பாதி ஊர்களுக்கு மேல் அச்சடித்தாற்போல 1000. கூட்டினால் மொத்தம் எங்கோ போகிறது. நிரலில் பிழையா?

குமரிமுனை: எந்தத் தரவு? செல்போன் பதிவா, ட்விட்டரா? அதைச் சொல்லாமல் எப்படி?

தறிக்காரன்: ஏபிஐ, அதாவது நிரல் வழியாகத் தரவு கேட்கும் வாசல், அதன் வரம்பைத் தாண்டியிருப்பீர்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு ஓட்டுங்கள். எனக்கு எப்போதும் அதுதான்.

வெண்பா22: ஃபேஸ்புக் விளம்பர ஏபிஐ. விளம்பரம் எத்தனை பேரை எட்டும் என்று சொல்லுமே, அதில் 'வெனிசுவேலாவில் வாழ்ந்தவர்கள்' பிரிவு. இடைவெளி விட்டும் அதே 1000.

பழையபெருச்சாளி: மேலே தேடல் பெட்டி இருப்பது அழகுக்கு அல்ல. 1000 என்பது எண்ணிக்கையே இல்லை. அதற்குக் கீழே ஃபேஸ்புக் காட்டாது. விளம்பரம் போடுகிறவர் தனி ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே. மூன்று பேர் இருந்தாலும் 1000, ஒருவரும் இல்லாவிட்டாலும் 1000. கொலம்பியாவில் 1,100க்கு மேல் நகராட்சிகள். அதில் பாதி இப்படி என்றால், ஐந்தரை லட்சம் பேரை நீங்களே குடியேற்றிவிட்டீர்கள்.

மாலினி_க: கீழ் எல்லை, மேல் எல்லை என்று இரண்டு எண் தருமே, எதை எடுக்கிறீர்கள்?

மருதாணி: சின்ன ஊரைப் பெரிய ஊரோடு சேர்த்துக் கேட்டு, அப்புறம் பெரிய ஊரைக் கழித்தால்?

பழையபெருச்சாளி: எண்ணை ரவுண்டு செய்துதான் தருகிறார்கள். 2,30,000இலிருந்து 2,30,000ஐக் கழித்துப் பாருங்கள், ஊரே காணாமல் போகும். மாகாணவாரியாகக் கேளுங்கள். 2021இல் கொலம்பிய அரசு வெனிசுவேலாக்காரர்களுக்குப் பத்தாண்டுத் தற்காலிகப் பாதுகாப்பு அறிவித்ததே, அந்தப் பதிவுக் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

குமரிமுனை: அடிப்படையே சரியில்லை. எல்லை ஊரான கூக்குத்தாவில் பாலம் தாண்டி நடந்தே வந்தவரிடம் போன் இருந்ததா, வழியில் விற்றாரா, யாருக்குத் தெரியும்? நம் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை ரயிலில் முன்பதிவில்லாப் பயணிகளை வைத்து, மாநிலங்களுக்கு இடையே ஆண்டுக்கு ஏறக்குறைய 90 லட்சம் பேர் என்றது. ஏழையும் அதில் வருவார்.

மருதாணி: கல்யாணத்துக்குப் போகிறவரும் வருவார்.

குமரிமுனை: நிகரமாகத்தானே எடுத்தார்கள்? போய்த் திரும்பினவர் கழிந்துவிடுவார். படித்துவிட்டு வாருங்கள்.

மருதாணி: படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். ரயிலில் போய் பஸ்ஸில் திரும்பினவர்?

தறிக்காரன்: 2021இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பே தள்ளிப்போன நாட்டில், ரயில் சீட்டையாவது எண்ணினார்களே!

பழையபெருச்சாளி: கேள்வி கொலம்பியாவைப் பற்றியது. ரயில் சண்டைக்குத் தனி இழை திறவுங்கள்.

குமரிமுனை: இழையை நீங்களா திறந்தீர்கள், மூடச் சொல்ல?

வெண்பா22: மாகாணவாரியாக ஓட்டிவிட்டேன். அமேசோனாஸ் பக்கம் மட்டும் இன்னும் 1000. கைடு இப்போதைக்குச் சரி என்றார். நன்றி.

மாலினி_க: கீழ் எல்லையா, மேல் எல்லையா?